களப்பில் விட்டுவந்த நாரை

காலைப் பிளேன்டீ உப்புக் கரித்தது. ஸக்கரியா முதல் மிடறை அவசரத்தில் விழுங்கிவிட்டான். இரண்டாவதை முற்றத்தில் துப்பினான். சீனிப் போத்தலும் உப்புப் போத்தலும் ஒட்டிக்கொண்டு நிற்கிற குசினியில் இது நடக்காத காரியமில்லை, ஹவ்வாவைக் கொஞ்சம் சீண்டலாம் என்று எழுந்து போனான். அவன் மனைவியோ அடுப்பின் முன்னால் தன் கோப்பையைப் பிடித்தபடி முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். இன்னும் சீனியே போடவில்லையாம். இருவருமாகக் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்தார்கள். தண்ணீர் என்றும்போலத் தெளிந்துதான் இருந்தது. அள்ளி வாயில் வைத்தால் கடல்தண்ணீர்.

நாவுலைக்குச் சற்று முன்னால் தம்புள்ளை ரோட்டிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கினால், வயலுக்கு மேலே தனியாக நிற்கிற வீடு அது. சுற்றிவர மலை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் லொறியில் அரை நாள் இடுப்பொடியக் குலுங்கிப் போக வேண்டும். அந்தக் கிணற்றில் உப்பு ஊறுவதென்பது பலாப்பழத்தைப் பிளந்தால் உள்ளே மீன் கிடந்த கதைதான். ஆனாலும் மனிதனுக்குக் காரணம் ஒன்று வேண்டுமே. கருவாட்டுச் சாக்குகளைக் கிணற்றடியில் அலசினேன், அந்த உப்பு இறங்கியிருக்கும் என்றான் ஸக்கரியா. ஹவ்வா குடத்தை எடுத்துக்கொண்டு, மேலே மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்குப் போனாள்.

அவள் போன பிறகு அவன் குனிந்து வாளியை முகர்ந்தான். உப்பு மட்டுமாக இருந்திருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பான். தண்ணீரிலிருந்து சேற்று வாசனை வந்தது. வயல் சேறு அல்ல. வயல் சேற்றில் வைக்கோலும் எருமைச் சாணமும் மணக்கும். இது உப்புத்தண்ணீரில் நிற்கிற கண்டல் மரத்து வேரடியில் அழுகி அழுகிக் கறுத்துப்போன சேறு, காலை விட்டால் முழங்கால்வரை இழுத்துக்கொண்டு, வெளியே எடுக்கும்போது கூமுட்டை நாற்றத்தைக் கக்குகிற சேறு. அந்த நாற்றத்துக்குள் அவன் எத்தனையோ மழைக்காலம் நின்று உழைத்திருக்கிறான். வாளியைக் கவிழ்த்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினான்.

ஸக்கரியாவின் தொழில் நாரை பிடிப்பது. திருகோணமலைக்கு வடக்கே ஒரு களப்பு. ஆறும் கடலும் கலந்து தேங்கிய பெரும் நீர்ப்பரப்பு. மழை தொடங்கினால் எங்கெங்கோ இருந்தெல்லாம் பறவைகள் வந்து இறங்கும். அரசாங்கம் அதைச் சரணாலயமாக்கி, யாரும் பறவைகளைத் தொடக் கூடாதென்று பலகை நட்டிருந்தது. பலகையை நம்பி நாரைகள் வந்தன. நாரைகளை நம்பி ஸக்கரியா போனான். கறிக்காக அல்ல, கொழுப்புக்காக. நாரைக் கொழுப்பை உருக்கி, பூண்டும் வேப்பெண்ணெயும் சேர்த்து அவன் காய்ச்சுகிற எண்ணெய்க்கு மாத்தளையில் நல்ல பேர். மழைக்குளிரில் முழங்கால் பிடித்துக்கொண்ட கிழடுகட்டைகள் எல்லாம் அவன் போத்தலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெறும் வலைக்கு நாரை இறங்காது. ஒரு நாரையைக் காட்டித்தான் மற்ற நாரைகளை இறக்க வேண்டும். அதற்கென்று வைத்திருப்பதைப் பார்வை நாரை என்பார்கள். அதன் கீழிமைகளில் ஊசியை ஏற்றி, நூலை மேலே இழுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக் கண்ணை மூடிவிடுவான். கண் தெரியாத பறவை பறக்கப் பார்க்காது, விட்ட இடத்தில் நிற்கும். ஒரு காலைத் தண்ணீருக்குள் அறைந்த முளையில் கட்டுவான். மற்றக் காலில் கட்டிய நீளக் கயிறு, கரையோரப் புதர்ப் பற்றைக்குள் ஒளிந்திருக்கிற அவன் கையில் இருக்கும். வானத்தில் கூட்டம் தெரிந்ததும் கயிற்றைச் சுண்டுவான். தடுமாறுகிற நாரை விழாமலிருக்கச் சிறகு இரண்டையும் விரிக்கும். மேலே போகிறவை அதைப் பார்த்து, நம் ஆள் ஒருத்தி இங்கே சுகமாக நிற்கிறாள் என்று நம்பி, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி அதன் பக்கத்தில் வந்து நிற்கும். அப்புறம் வலைதான்.

ஊசியும் நூலும் ஹவ்வாவுடையவை. அவள் தொழுகைத் தொப்பி தைத்துக் கொடுக்கிறவள். தன் ஊசி எதற்குப் போகிறது என்று தெரிந்த நாளில் அவள் சண்டைக்கு வந்தாள். ஸக்கரியாவிடம் பதில் தயாராக இருந்தது. அறுக்கிற நேரம் ஒரு உயிரை மற்ற உயிர் பார்க்கக் கூடாதென்று மார்க்கத்தில் சொல்லியிருக்கிறதல்லவா. தன் இனம் அறுபடுவதை இந்த நாரை பார்த்து நோகக் கூடாதென்றுதான் கண்ணை மூடுகிறேன், இது இரக்கம் என்றான். சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பியும் விட்டான்.

"பாக்கக் கூடாதுன்னா மறைவா கொண்டுபோய் அறுக்கணும்," என்றாள் ஹவ்வா. "கண்ணத் தைக்கச் சொல்லியா இருக்கு?"

மழைக்காலம் முடிந்ததும் நூலை அறுத்து, இமைக்கு ஆமணக்கெண்ணெய் தடவி, நாரையை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கிறேனே, அதைவிட என்ன வேண்டும் என்பது அவன் எண்ணம். சில வருஷங்களாக ஒரே நாரைதான். மஞ்சள் அலகும், வால் பக்கம் ரோஜா நிறச் சிறகுமாக நல்ல அழகி. அவன் மகள் ஆஸியா, ஏழு வயதுக்காரி, வாய்க்காலில் தாவணித் துண்டை விரித்து மீன்குஞ்சு பிடித்து அதற்குப் போடுவாள். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு எட்டி எட்டி நடப்பது பள்ளிக்கூடத்துச் சந்திரகாந்தா டீச்சரைப் போலவே இருக்கிறதென்று அதற்கு டீச்சர் என்றே பேரும் வைத்திருந்தாள். நாரைக்குத் தொண்டையில் குரல் கிடையாது. அலகின் இரு பாதியையும் ஒன்றோடொன்று அடித்துத் தட்டும். மரத்தோடு மரம் மோதுகிற சத்தம். ஆஸியா கூப்பிட்டால் டீச்சர் தட்டிக்கொண்டே வரும்.

இந்த வருஷம் முதல் மழைக்குப் போன பயணத்திலேயே காரியம் கெட்டது. விடிகிற நேரம், கண்டல் மரங்களுக்கு இடையில் காவல்காரர்களின் ஜீப் வெளிச்சம் தெரிந்தது. கூட்டாளி அழகர்சாமி, லொறி ஓட்டுகிறவன், வலையைச் சுருட்டிக்கொண்டு ஓடினான். ஸக்கரியாவும் ஓடினான். நாரை களப்புக்குள், கண் தைத்தபடி, முளையில் கட்டுண்டு நின்றது. போய் அவிழ்த்துவிட்டு வரலாம், நேரம் இருந்தது. அவன் நின்று திரும்பிப் பார்க்கவும் செய்தான். அவன் காலடியின் சத்தம் அதற்குத் தெரியும் போலிருக்கிறது, தைத்த முகத்தை அவன் பக்கமாகத் திருப்பி அலகைத் தட்டியது. மழை கொட்டிக்கொண்டிருந்தது, களப்பு ஏறிக்கொண்டிருந்தது. காவல்காரர்கள் கண்டு அவிழ்ப்பார்கள் என்று தனக்கே சொல்லிக்கொண்டு லொறியில் தொற்றினான். அவர்கள் களப்புக்குள் இறங்கவில்லை, ஜீப் கரையோடு திரும்பிப் போனதை லொறியிலிருந்தே பார்த்தான். வீட்டில், டீச்சரைப் பறக்க விட்டுவிட்டேன் என்றான். ஆஸியா அழுதாள், ஆனால் நம்பினாள்.

கிணறு உப்பானது அதற்குப் பிறகுதான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீடே கொஞ்சம் கொஞ்சமாக வேறு இடமாகிக்கொண்டு வந்தது. பித்தளைச் செம்பில் பச்சை பூத்தது. கொடியில் போட்ட துணி காயாமல் பிசுபிசுத்தது. காலையில் வாசல்படியில் வெள்ளையாக ஒரு கோடு இருக்கும். ஹவ்வா ஈரத்துணியால் துடைப்பாள், மறுநாள் அதே கோடு சுவரில் ஒரு விரற்கடை மேலே ஏறியிருக்கும். தண்ணீர் வந்து நின்று வடிந்துபோன வீடுகளில்தான் அப்படிக் கோடு விழும். அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை யாரும் காணவில்லை. பாய் நனையவில்லை, அடுப்பு அணையவில்லை. ஆனால் மண்ணெண்ணெய் விளக்கை ஊதியபிறகு, தலைமாட்டுக்குப் பக்கத்தில் சிற்றலை வந்து சுவரைத் தொட்டுவிட்டுப் போகிற சத்தத்தை ஸக்கரியா கேட்டான்.

ஒரு காலையில் அவனுக்குக் கண் திறக்கவில்லை. பீளை ஒட்டிக்கொண்டதாக்கும் என்று எச்சில் தொட்டுத் தடவி, விரலால் இமையைப் பிரித்தான். வலி சுரீரென்றது. விரல் நுனியில் எதுவோ சிக்கி நீண்டு வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வெள்ளை நூல்.

ஹவ்வா பாயில் உட்கார்ந்து தைக்கிறவள், தலையணையில் நூல் கிடக்காமல் வேறென்ன கிடக்கும் என்று அவன் எழுந்து குசினிக்குப் போனான். அடுப்புச் சாம்பல் தரையில் பரவியிருந்தது. அதில் பறவைக் காலின் தடம்: முன்னால் மூன்று நீள விரல், பின்னால் ஒன்று. பின்கதவிலிருந்து தொடங்கி நேராக அவன் படுத்திருந்த பாயின் தலைமாடு வரைக்கும் போயிருந்தது. திரும்பிய தடம் இல்லை. அவன் குந்தியிருந்து திரும்பத் திரும்பப் பார்த்தான். எல்லாமே இடது கால். வலது கால் எங்கேயும் பதியவில்லை. ஹவ்வா எழும்புமுன் சாம்பலைக் கூட்டி அள்ளினான்.

நாவுலை டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறவர் அவன் இமையை விரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தூசியில் வேலையா என்று கேட்டார். பிறகு, யாராவது ஊசியால் குத்தினார்களா என்று கேட்டார். கீழிமை ஓரத்தில் வரிசையாகத் துளை இருக்கிறதாம், ஒரே அளவில், ஒரே இடைவெளியில். ஸக்கரியா இல்லையென்று தலையாட்டி, களிம்பை வாங்கிக்கொண்டு வந்தான். அந்த இடைவெளி அவனுக்குத் தெரியும். அவன் கை பழகிய இடைவெளி அது.

தனக்கு வந்தது தன்னோடு போகட்டும் என்றுகூட அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பான். ஆஸியா காணாமற்போன பிற்பகலில் அந்தத் தைரியமும் போயிற்று. மழை விட்டு மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. முற்றத்தில் விளையாடிய பிள்ளை இல்லை. கூப்பிட்டான், பதில் இல்லை. அப்போது வயல் பக்கமிருந்து, டக் டக் டக்கென்று, மரத்தோடு மரம் மோதுகிற சத்தம். செருப்புப் போடாமல் ஓடினான்.

வரப்பின் கடைசியில் ஆஸியா நின்றுகொண்டிருந்தாள். வயலில் நாற்று தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. மறுகரை பனிக்குள் போய்விட்டது. பிள்ளையின் ஒரு கால் வரப்பில், ஒரு கால் தண்ணீரில். அப்பால், வெள்ளையாக, உயரமாக ஒன்று.

"டீச்சர் வந்திருக்கா வாப்பா," என்றாள் ஆஸியா, திரும்பாமல். "கிட்ட வர மாட்டேங்குறா. என்னய வரச் சொல்றா."

நாரை ஒற்றைக்காலில் நின்றது. ஒற்றைக்காலில் நிற்பது நாரைக்கு வழக்கம்தான், மற்றதை மடித்து வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். ஸக்கரியா அதை நினைத்துக்கொண்டே பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். வீட்டில் வைத்துக் கால் கழுவினான். கணுக்கால்வரை கறுப்புச் சேறு. விரலிடுக்கில் சின்னச் சின்னக் களப்புச் சிப்பி. அவன் அழுதுவிட்டான். பிள்ளையின் கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யா அல்லாஹ், இவளை விட்டுவிடச் சொல், இவளை விட்டுவிடச் சொல் என்று வாய்விட்டு அழுதான். ஆஸியா அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் மாத்தளைக்குப் போய், லொறிகள் நிற்கிற இடத்தில் அழகர்சாமியைப் பிடித்தான். களப்புக்குப் போக வேண்டும், இன்றைக்கே கூட்டிப்போ, நாரையை அவிழ்க்க வேண்டும், செத்திருந்தால் புதைத்தாவது வர வேண்டும் என்றான். அழகர்சாமி பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"நான் பாத்துட்டேன் ஸக்கரியா நானா. கருவாடு ஏத்தப் போனப்ப, மீன் புடிக்கிறவங்க காட்டுனாங்க. முளை அப்படியே இருக்குது. கயிறு இருக்குது. கயித்துல கால் இருக்குது. நாரைதான் இல்ல."

எந்தக் கால் என்று ஸக்கரியா கேட்கவில்லை. வலது காலை முளையில் கட்டியவன் அவன்தான். காலைப் பிய்த்துக்கொண்டு போவதற்கு ஒரு பறவை எவ்வளவு நேரம் இழுத்திருக்கும் என்ற நினைப்பை அவனால் நிறுத்த முடியவில்லை. அழகர்சாமி இன்னும் ஒன்று சொன்னான். அந்தப் பக்கம் இப்போது யாரும் தோணி விடுவதில்லையாம். நூற்றுக்கணக்கில் நாரைகள் வந்து நிற்கின்றனவாம், மீன் பிடிப்பதில்லையாம், தோணி முட்டியபோதும் பறக்கவில்லையாம். எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைப் பக்கமே பார்த்து நிற்கின்றனவாம். தானும் இனிமேல் அந்த ரோட்டுக்கு லொறி எடுக்கப் போவதில்லை என்று முடித்துவிட்டு, அவன் லொறிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அன்றைக்கு ஸக்கரியா ஹவ்வாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். பறக்க விட்டதாகச் சொன்னது பொய் என்றும் சொன்னான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் தைத்துக்கொண்டிருந்த தொப்பியை மடியில் வைத்துவிட்டு அவன் கண்களையே பார்த்தாள்.

"கூப்புட்டா ஓடி வர்ற சீவனுங்க அது," என்றாள்.

பொழுது விடிந்ததும் அவர்களை அனுப்பிவிட முடிவாயிற்று. மாத்தளை டவுனில் அவளுடைய கூடப்பிறந்த காக்கா புஹாரியின் வீடு. வயலும் இல்லை, வாய்க்காலும் இல்லை, நாலு பக்கமும் கடைகள். ஆஸியாவை அங்கே வைத்திருந்தால் போதும். ஹவ்வா அவனையும் வரச் சொன்னாள். அவன் மறுத்துவிட்டான். அது தேடுவது தன்னை, தான் போகிற இடத்துக்குத்தான் அது வரும், பிள்ளை இருக்கிற இடத்துக்கு அதைக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்றான். சி.டி.பி. பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை ரோட்டில் நின்றான். பின் கண்ணாடியில் ஆஸியாவின் கை தெரிந்தது. பல நாளைக்குப் பிறகு அவனுக்கு மனது லேசாக இருந்தது. வரட்டும், என் கண்ணை எடுக்கட்டும், காலை எடுக்கட்டும், கழுத்தையே எடுக்கட்டும். பிள்ளை தப்பிவிட்டாள்.

வீட்டுக்கு இறங்கி வந்தபோது வயல் இல்லை. பனியும் தண்ணீரும் ஒன்றாகி முற்றத்தின் விளிம்புவரை ஏறியிருந்தன. காற்று இல்லை, காகம் இல்லை, ரோட்டில் வாகனச் சத்தம்கூடத் தூரத்திலிருந்து வருவதுபோல அடங்கிப்போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கறுத்த சேற்றின் நாற்றம், மூக்கில் மட்டுமல்ல, நாக்கிலும் தொண்டையிலும் படிகிற நாற்றம். அவன் நாற்காலியைக் கூடத்தில் வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தான். அறுக்கிற கத்தியை மடியில் வைத்துக்கொண்டான். தெரிந்த குர்ஆன் ஸூறாக்களை எல்லாம் ஓதினான். ஓதிக்கொண்டிருக்கும்போதே பனிக்குள் ஒவ்வொன்றாக அவை தெரிந்தன. வெள்ளையாக, உயரமாக, அசையாமல். முற்றத்தில். வேலியோரம். கிணற்றடியில். வெறுமனே நின்றன. எல்லாம் அவனையே பார்த்தன. நடுவே ஒன்று முகத்தை மட்டும் அவன் பக்கம் திருப்பியிருந்தது. அதற்குப் பார்க்கக் கண் இல்லை.

ஸக்கரியா அதனிடம் பேசினான். மன்னித்துக்கொள் என்றான். அவிழ்த்திருக்க வேண்டும், பயந்துபோய் ஓடிவிட்டேன் என்றான். அது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, ஒரே காலில், தத்தித் தத்தி வாசல்படி ஏறியது.

அவன் எழும்ப நினைத்தான். உடம்பு எழும்பவில்லை.

முதல் குத்து இடது கண்ணில். வலியில்லை, குளிர்ந்த ஒரு துளிபோல. இன்னொன்று. இன்னொன்று. ஒரே அளவு, ஒரே இடைவெளி. அவசரமில்லாத கை. கீழிமை மெல்ல மேலே ஏறியது. வாசல் பாதியாயிற்று. கீற்றாயிற்று. போயிற்று. வலது கண். உச்சந்தலையில் முடியைச் சேர்த்து ஒரு முடிச்சு. இறுக்கம்.

கணுக்காலில் ஈரக் கயிறு. மற்றக் கணுக்காலிலும்.

காலுக்குக் கீழே சிமெந்துத் தரை இல்லை. சேறு. முழங்காலுக்குத் தண்ணீர். எப்போது எழுந்தான், எங்கே நிற்கிறான், தெரியவில்லை. மழை முகத்தில் விழுந்தது. இனிக் கழுத்து என்று நினைத்தான். காத்திருந்தான். கழுத்துக்கு எதுவும் வரவில்லை. யாரும் அவனைத் தொடவில்லை. நேரம் போயிற்று. மழை விட்டது, மறுபடி பெய்தது. அவன் கால்கள் மரத்துப்போயின. இவ்வளவுதானா, இப்படி நிற்க வைத்துச் சாகடிக்கத்தானா என்று நினைத்தபோது, சுற்றிலும் ஒரு சிறகசைவு. தண்ணீரை விட்டுக் கால்கள் எழும்புகிற சத்தம். கூட்டமாகப் பின்வாங்கிப் போயின. பற்றைப் பக்கம். அமைதி.

கயிறு சுண்டியது.

கால் வழுக்கியது. விழாமலிருக்க அவன் கைகள் தாமாக விரிந்தன.

நின்றான். மறுபடி சுண்டியது. மறுபடி விரிந்தன.

மூன்றாம் தடவைதான் அவனுக்கு விளங்கியது. தன்னை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று.

கைகளை உடம்போடு ஒட்டிப் பிடித்தான். விலா நோக இறுக்கினான். கயிறு சுண்டியது. விரிந்தன. உட்கார்ந்துவிடப் பார்த்தான், சேறு விடவில்லை. விழுந்துவிடப் பார்த்தான், கைகள் விடவில்லை. எத்தனை தடவை என்று தெரியாது. வெகுநேரம். வெகுநேரம் அவன் அங்கே நின்று, பரந்த தண்ணீருக்கு நடுவே, கைகளை அகல விரித்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

மேலே ரோட்டில் பஸ் வந்து நின்றது.

வேறு யாரோ. வேறு யாராகவோ இருக்கட்டும். ஒற்றையடிப் பாதையில் காலடிகள். ஒன்றல்ல. புஹாரி மச்சானின் இருமல். அதற்குப் பின்னால் ஹவ்வாவின் குரல், மூச்சிரைக்க.

"மத்தியானத்திலருந்து புள்ள ஒரே அழுகைங்க. வாப்பா கைய விரிச்சுக் கூப்புடுறாருன்னு நிக்கவே மாட்டேன்னுட்டா. இப்ப பாத்தா நெசமாவே கூப்புட்டுக்கிட்டு நிக்கிறீங்க."

வராதே என்று கத்த வாயைத் திறந்தான். குரல் இல்லை. தொண்டையில் காற்றுக்கூட இல்லை. தாடை மட்டும் அடித்துக்கொண்டது. பல்லோடு பல். டக் டக் டக்.

"இந்தா வந்துட்டேன் வாப்பா," என்றாள் ஆஸியா.

தண்ணீருக்குள் சின்னக் கால்கள் இறங்கின. பின்னால் பெரிய கால்கள். அவன் தலையை ஆட்டினான். பல்லை அடித்தான். கயிறு சுண்டியது. கைகள் விரிந்தன.

சளக். சளக். கிட்டே. இன்னும் கிட்டே.

விரித்த கையின் விரலொன்றை, குளிர்ந்த ஐந்து சின்ன விரல்கள் பிடித்துக்கொண்டன.

கணுக்காலில் கயிறு தளர்ந்து தண்ணீரில் விழுந்தது. பற்றைக்குள் அதைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. அந்தக் கை அடுத்ததாக வலையை எடுக்கும் என்று ஸக்கரியாவுக்குத் தெரியும்.